வீடு அதேதான், சாவி யாரிட்ட?

(ஒக்ஸ்போர்டில் நடந்த எமது இளையோர் சந்திப்பில், காலை நடைக்குப் பிறகு பேசியது. பேச்சு மொழி பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



காலமை மழைக்குள்ள இரண்டு மணித்தியாலம் என்னோட நடந்ததுக்கு முதலில் நன்றி. சப்பாத்து நனைஞ்சவை ஹீற்றருக்குக் கிட்ட வந்து இருங்கோ. நடைக்கு வராமல் நேரே கூட்டத்துக்கு வந்தவர்களும், பிறகு இதை மின்னஞ்சலில் வாசிக்கப் போகிறவர்களும் இருக்கிறபடியால், எங்கே தொடங்கினோம் என்பதைச் சொல்லிப்போட்டு மிச்சத்துக்குப் போறன்.

வோல்ட்டன் தெருவில் ஒரு பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. திருக்குறளை 1886-ல் ஆங்கிலத்தில் தந்த ஜி. யூ. போப் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார். இறந்தது 1908-ல். ‘இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்’ என்று அந்தக் கல்லில் எழுதியிருக்கிறதாக எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தவை. காலமை நீங்களே பாத்தனீங்கள், அப்பிடி ஒண்டும் இல்லை. இந்தப் பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் படிப்பித்தவர் என்றும், குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து வைத்த கல் என்றும்தான் இருக்கிறது.

ஒக்ஸ்போர்ட் பார்க்க வருகிற எங்கட ஆட்கள் அந்தக் கல்லறைக்கு வருவினம், படம் எடுப்பினம், திரும்பிப் போயிடுவினம். தோட்டத்துக்கு வெளியில இருக்கிற தெருக்களைப் பாக்கிறேல்ல. போப்பின் நாலடியார் 1893-லும் திருவாசகம் 1900-லும் கிளாரண்டன் பிரெஸ் வெளியீடாக வந்தன. அந்த அச்சகம் கல்லறையிலிருந்து கொஞ்சத் தூரம்தான், அதே தெருவில். ஒவ்வொரு தமிழ் எழுத்தையும் ஈயத்தில் பொறுக்கி வரிசையாகக் கோத்தது யார்? ஒரு சொல்லும் விளங்காமல், ணகரத்துக்கும் னகரத்துக்கும் உள்ள சுழி வித்தியாசத்தைக் கண்ணால் மட்டும் பார்த்துக் கோத்த அச்சுக்கோப்பாளர்களை நாங்கள் ஒருநாளும் நினைச்சதில்லை. அந்த அச்சகத்தில் வேலை செய்த பலர் பக்கத்துத் தெருக்களில், ஒன்றோடொன்று ஒட்டின ரெரஸ் வீடுகளில், வாடகைக்கு இருந்தார்கள். அந்த வீடுகளைத்தான் காலமை பாத்தனாங்கள்.

அந்தப் பகுதிக்குப் பேர் ஜெரிக்கோ. வேதப்புத்தகத்தில மதில் விழுந்த எரிகோ இருக்குதல்லோ, அதே பேர்தான். 1790-ல் கால்வாய் ஒக்ஸ்போர்டுக்கு வந்து சேர்ந்தது. அதோடு மலிவான நிலக்கரி வந்தது. 1825-ல் இரும்பு வார்க்கும் ஈகிள் தொழிற்சாலை அந்தக் கால்வாய்க் கரைக்கு வந்தது. 1830-ல் பல்கலைக்கழக அச்சகம் வோல்ட்டன் தெருவுக்கு இடம் மாறியது. இவ்வளவுக்கும் கைகள் தேவைப்பட்டன. கைகளுக்குச் சொந்தக்காரர் இரவில் படுக்க இடம் தேவைப்பட்டது. சின்னச் சின்னக் கட்டடக்காரர் இரண்டும் நாலுமாகக் கட்டி வாடகைக்கு விட்டார்கள். அதனால்தான் ஒரே வரிசையில் செங்கல்லின் நிறம் மாறுகிறது, யன்னலின் உயரம் மாறுகிறது. கீழே இரண்டு அறை, மேலே இரண்டு அறை. கதவைத் திறந்தால் நேரே தெரு. கக்கூஸ் பின்முற்றத்தில். தாழ்ந்த நிலம், ஆறும் கால்வாயும் பக்கத்தில். வெள்ளம் வந்தால் கழிவும் சேர்ந்து வரும். 1832, 1849, 1854 என்று மூன்று தடவை கொலரா இந்த நகரத்துக்கு வந்தது. ஜெரிக்கோ அதில் தப்பவில்லை.

இப்ப அந்த வீடுகளைப் பற்றிக் கதைக்கிறவை எல்லாரும் ‘தொழிலாளர் வீடுகள்’ எண்டு சொல்லுவினம். வீட்டு விற்பனை விளம்பரத்திலகூட அப்பிடித்தான் போடுவினம், அழகாயிருக்குமெண்டு. தொழிலாளர் இருந்த வீடுகள் என்பது உண்மை. அந்த வீடுகள் பெரும்பாலும் அவர்களுக்குச் சொந்தமாக இருந்ததில்லை. முதலாம் உலகப் போருக்கு முன் இங்கிலாந்தில் பத்துக் குடும்பத்தில் ஏறக்குறைய ஒன்பது, தனியாருக்கு வாடகை கட்டித்தான் இருந்தது. அச்சகத்தில் எழுத்துக் கோத்தவரும், உலையில் இரும்பு வார்த்தவரும், வேலையில் ஒரு முதலாளி, வீட்டில் ஒரு முதலாளி என்று இரண்டு பேருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது முதலாளியை எதிர்த்தும் ஆட்கள் எழும்பினார்கள் என்பதை நாங்கள் மறக்கக் கூடாது. 1915-ல் கிளாஸ்கோவில் மேரி பார்பர் போன்ற பெண்கள் தெருத் தெருவாக ஒழுங்கு பண்ணி, ஏறக்குறைய 20,000 குடும்பங்கள் ஏற்றின வாடகையைக் கட்ட மறுத்தன. வீட்டைவிட்டு எழுப்ப வந்த அதிகாரிகள் மேல் மாவை அள்ளி எறிந்தார்கள். அந்த வருடமே அரசாங்கம் வாடகையைக் கட்டுப்படுத்தச் சட்டம் போட்டது. அந்தக் கட்டுப்பாடு, இறுக்கியும் தளர்த்தியும், 1988 வரைக்கும் ஏதோ ஒரு வடிவில் இருந்தது. 1988 என்ற வருடத்தை மனதில வைச்சிருங்கோ, திரும்பவும் வரும்.

சரி, ஜெரிக்கோவுக்கு வருவம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பழைய வீடுகளை இடித்து ஆட்களை ஊரின் ஓரத்துக்கு அனுப்புகிற அலை நாடு முழுக்க அடித்தது. ஜெரிக்கோவின் பெரும் பகுதியையும் இடிக்கத் திட்டமிருந்தது. அதை எதிர்த்தவர்களில் முக்கியமானவர் ஒலிவ் கிப்ஸ். இந்த நகரத்தின் ஏழைப் பகுதி ஒன்றில் பிறந்தவர், லேபர் கவுன்சிலர், 60களில் அணு ஆயுத ஒழிப்பு இயக்கத்தின் தலைவராகவும் இருந்தவர். அவரும் அங்கே குடியிருந்தவர்களும் சேர்ந்து, இடிக்காதே, திருத்து என்று நின்றார்கள். வென்றார்கள். உதவிப்பணம் வந்தது, வீட்டுக்குள்ளே குளியலறை வந்தது, கூரை திருத்தப்பட்டது. அந்தப் போராட்டம் நடக்காமல் இருந்திருந்தால் காலமை நாங்கள் பார்த்த தெருக்களில் பாதிக்கு மேல் இண்டைக்கு இருக்காது.

ஆனால் அந்த வெற்றியின் இரண்டாம் பாகத்தையும் சொல்லத்தான் வேணும். வீடுகள் தப்பின, நகர மையத்திலிருந்து பத்து நிமிட நடை, குளியலறையும் இருக்கிறது. விலை ஏறத் தொடங்கியது. 1989-ல் அச்சகம் அச்சடிக்கும் வேலையை நிறுத்தியது. 2005-ல் இரும்புத் தொழிற்சாலை மூடப்பட்டு அந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள் வந்தன. தொழிற்சாலையை நடத்திய நிறுவனம் மின்கருவித் தொழிலோடு இன்றும் இருக்கிறது, ஒக்ஸ்போர்டில் வீடுகளையும் வாடகைக்கு விடுகிறது. கூலி கொடுத்த பேர் இப்ப வாடகை வாங்குது. நான் அவையைத் தனியாகக் குறை சொல்ல இதைச் சொல்லேல்ல. இந்த நகரத்தில் பணம் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போனது என்று காட்ட இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைக்கேல்ல. அச்சுக்கோப்பாளரின் பேரப்பிள்ளை இண்டைக்குத் தன் பாட்டன் வாடகைக்கு இருந்த தெருவில் வீடு வேண்டவும் ஏலாது, வாடகைக்கு எடுக்கவும் ஏலாது. வீட்டைக் காப்பாற்றினார்கள், இருந்தவர்களைக் காப்பாற்றச் சட்டம் இருக்கவில்லை.

இனி ஆற்றுக்கு இந்தப் பக்கம், இப்ப நாங்கள் கூடியிருக்கிற கிழக்கு ஒக்ஸ்போர்டுக்கு வாறன். கௌலி றோட்டுக்கு இரண்டு பக்கமும் கிளை பிரிகிற தெருக்கள் எல்லாம் அதே மாதிரி ரெரஸ் வீடுகள்தான், பெரும்பாலும் ஜெரிக்கோவுக்குப் பிறகு கட்டினவை. 1913-ல் மொரிஸ் கார் கௌலியில் செய்யத் தொடங்கினார்கள். 1926-ல் காரின் உடலை அழுத்திச் செய்கிற பெரிய தொழிற்சாலையும் வந்தது. வேல்ஸ் சுரங்கங்கள் மூடப்பட்டபோது அங்கேயிருந்து ஆயிரக்கணக்கில் வேலை தேடி வந்தார்கள். ஊர்க்காரர் அவர்களையும் வந்தேறிகளாகத்தான் பார்த்தார்கள். 1934-ல் அந்தத் தொழிற்சாலையில் நடந்த பெரிய வேலைநிறுத்தத்தில் அந்த வேல்ஸ் ஆட்களும் முன்னுக்கு நின்றவை.

50கள், 60களில் கரீபியன் தீவுகளிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் பிறகு வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள் பஸ்ஸிலும் கார்த் தொழிற்சாலையிலும் ஆஸ்பத்திரியிலும் வேலை செய்தார்கள். கறுப்பருக்கு அறை இல்லை என்று யன்னலில் எழுதிப் போடுவது அந்தக் காலத்தில் சட்டப்படி குற்றம் இல்லை. வீட்டு விசயத்தில் நிறவேற்றுமையைத் தடுத்த சட்டம் 1968-ல்தான் வந்தது. அறை கிடைக்காதவர்கள் என்ன செய்தார்கள்? எங்கட சீட்டு மாதிரித்தான், கரீபியன் ஆட்கள் அதைப் ‘பார்ட்னர்’ என்பார்கள், மாதாமாதம் காசு போட்டு, முறை வைத்து எடுத்து, ஒருவருக்கு வீடு வேண்டினார்கள். அந்த வீட்டில் அறைக்கு அறை பிறகு வந்தவர்கள் இருந்தார்கள். வேறு வழியே இல்லாமல் வீட்டுக்காரர் ஆனவர்கள் அவர்கள். இதையும் மனதில வைச்சிருங்கோ.

இனி நான் சொல்லப் போறது என்ர கதை. பலருக்கு இது தெரியாது. சொல்ல வெக்கமாயிருந்தது.

நான் 2001-ல் இந்த நாட்டுக்கு வந்தனான். அகதி விண்ணப்பம். லண்டனில் கொஞ்ச நாள், பிறகு ஒருவரின் மூலம் ஒக்ஸ்போர்டில் ஒரு தமிழ்க் கடையில் வேலை. கடைக்கு மேலே இருந்த அறையில் நாலு பேர் படுத்தோம். முதலாளி எங்கட ஊருக்குப் பக்கத்து ஊர். நல்ல மனிசன் எண்டுதான் சொல்லுவன். எனக்கு விசா கிடைக்காமல் இழுபட்ட நேரம் சாப்பாடு போட்டவர், வக்கீலுக்குக் காசு தந்தவர். கடையில் மிச்சம் பிடிச்ச காசில அவர் கௌலி றோட்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு ரெரஸ் வீடு வேண்டினார். பிறகு இன்னொன்று. மாதம் முடிய வாடகை வாங்கிக்கொண்டு வாறது என்ர வேலை.

முதல் வீட்டில் ஒரு தமிழ்க் குடும்பம். அக்கா ஆஸ்பத்திரியில துப்புரவு வேலை, அண்ணை சாப்பாட்டுக்கடையில குசினி வேலை. இரண்டு பிள்ளைகள். ஆறு வருசம் இருந்தவை. பின்முற்றத்தில் வெந்தயக்கீரை போட்டிருந்தா. நான் வாடகைக்குப் போற நாளில தேத்தண்ணி இல்லாமல் அனுப்ப மாட்டா.

2009-ல் முதலாளி ஒருநாள் கணக்குப் போட்டார். குடும்பம் ஒரு வாடகை தருது. முன் அறையையும் படுக்கையறையாக்கி, மேலே பெரிய அறையை இரண்டாக மறிச்சால் ஐந்து மாணவர். ஐந்து வாடகை. வக்கீல் ஒரு கடிதம் எழுதித் தந்தார், இரண்டு மாத நோட்டீஸ். கொண்டுபோய்க் குடுத்தது நான்.

அக்கா வாசிச்சா. பிறகு என்னைப் பாத்துக் கேட்டா: “தம்பி, ஒரு மாசமெண்டாலும் நான் வாடகை பிந்தினனானோ?”

பிந்தேல்ல. எனக்குத் தெரியும், புத்தகத்தில எழுதினது நான்தானே. “இல்லை அக்கா” எண்டன். “அப்ப ஏன்?” எண்டு கேட்டா. அதுக்கு மறுமொழி அந்தக் கடிதத்திலயும் இல்லை. ஏனெண்டால் காரணம் சொல்லத் தேவையில்லை எண்டுதான் சட்டம். 1988-ல் வந்த வீட்டுச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு. வாடகை பிந்தாமல், சுவரில் ஒரு ஆணி அடிக்காமல் இருந்தாலும், ஒப்பந்தக் காலம் முடிந்தால் காரணமே சொல்லாமல் எழுப்பலாம்.

அவை வேறு ஊருக்குப் போனவை. மூத்த பிள்ளைக்கு அந்த வருசம் சோதினை. ஆஸ்பத்திரி வேலையையும் விட வேண்டியதாப் போச்சு. நான் சாமான் ஏத்த உதவி செய்தனான். அதோட என்ர மனச்சாட்சியை ஆற்றிக்கொண்டன். பிறகு அவவைக் காணேல்ல.

ஒக்டோபரில் ஐந்து மாணவர் வந்தார்கள். பக்கத்து வீட்டில் ஒரு வயசான அம்மா தனிய இருந்தா. அவவின் தகப்பன் வேல்ஸில் இருந்து நடந்தும் வழியில வாகனம் மறிச்சும் கௌலிக்கு வேலை தேடி வந்தவராம். அவ என்னைக் காணும்போதெல்லாம் மாணவரைத் திட்டுவா. குப்பை வாளி ரோட்டில, இராப்பகலாச் சத்தம், கோடையில தெருவே வெறிச்சோடிப் போகுது, பிள்ளைகள் இல்லாமல் பள்ளிக்கூடத்துக்கு ஆள் குறையுது. அவ சொன்னது எல்லாம் உண்மை. ஆனால் திட்டு முழுக்க அந்தப் பெடியளுக்குத்தான் விழுந்தது. அந்தப் பெடியளோ, ஒரு யன்னல் சரியாப் பூட்டாத முன் அறைக்கு, முழுக் குடும்பமும் குடுத்த வாடகையில பாதியைத் தனியக் குடுத்துக்கொண்டு இருந்தாங்கள். சுவரில பூஞ்சணம். அவங்கள் திட்டினது என்னை. ஏனெண்டால் கதவில தட்டினது நான். முதலாளியை ஒருத்தரும் திட்டேல்ல. அவரை ஒருத்தரும் காணவே இல்லை.

இதுதான் தோழர்கள், நான் இண்டைக்குச் சொல்ல வந்தது. ஒரு ரெரஸ் வீட்டின் நூற்றைம்பது வருசத்தை எடுத்துப் பாருங்கோ. அச்சகக்காரன் போக வேல்ஸ்காரன் வந்தான், வேல்ஸ்காரன் போகப் பாகிஸ்தான்காரர், பிறகு நாங்கள், பிறகு மாணவர். ஒவ்வொருத்தரும் தனக்குப் பிறகு வந்தவரைத்தான் கோபிச்சார்கள். கோபிச்ச ஆளும் வாடகை, கோபம் வாங்கின ஆளும் வாடகை. குடியிருப்பவர் மாறுவதை ‘ஊர் மாறுது’ என்று மழை பெய்வதைப் போலச் சொல்கிறோம். ஊர் தானாக மாறுவதில்லை. ஒரு கடிதம் வருகிறது, ஆட்கள் போகிறார்கள். அந்தக் கடிதத்தை எழுத விடுவது ஒரு சட்டம். அந்தச் சட்டத்தைப் போட்டது ஒரு பாராளுமன்றம்.

கொஞ்சம் வரிசையாகப் பார்ப்போம். 1980-ல் கவுன்சில் வீடுகளை விற்கச் சட்டம் வந்தது, விற்றதுக்குப் பதில் கட்டேல்ல. 1988-ல் வாடகைக் கட்டுப்பாடு போனது, காரணமில்லாமல் எழுப்புகிற உரிமை வந்தது. 1996-ல் வாடகைக்கு விடுவதற்கென்றே வீடு வேண்டுகிறவருக்குத் தனி மோர்ட்கேஜ் கொண்டுவந்தார்கள். அதே காலத்தில் பல்கலைக்கழகங்கள் மாணவர் தொகையைக் கூட்டிக்கொண்டு போயின. 2011 கணக்கெடுப்பில் ஒக்ஸ்போர்டில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் முழுநேர மாணவர். அவ்வளவு பேருக்கும் விடுதி இல்லை. மிச்சப் பேர் எங்கே போவார்கள்? ரெரஸ் வீட்டுக்கு. வெளிநாட்டு மாணவர் விசாவில் படிக்கிற காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம். அந்தக் காசும் அறை வாடகைக்குப் போகிறது.

கவுன்சில் சும்மா இருந்தது என்று சொல்ல மாட்டேன். குடும்ப வீட்டைப் பல பேர் பகிர்கிற வீடாக, அதாவது எச்.எம்.ஓ.வாக மாற்ற, 2012-லிருந்து ஒக்ஸ்போர்டில் திட்ட அனுமதி எடுக்க வேண்டும். அப்படியான எல்லா வீட்டுக்கும் உரிமமும் வேண்டும். நல்ல விசயம். ஆனால் அதுக்கு முன் மாற்றின வீடுகள் மாற்றினபடியே இருந்தன. எங்கட முதலாளியின் வீடும் அதில் ஒன்று. அக்காவை எழுப்பி மூன்று வருடம் ஆகாமல் அந்த வீட்டின் பெறுமதி இன்னும் கூடிப் போனது.

இப்ப கஷ்டமான பகுதி. இந்த மண்டபத்தில் இருக்கிறவர்களில் எத்தனை பேரின் அம்மா அப்பாவுக்கு இரண்டாவது வீடு இருக்கிறது? கை உயர்த்த வேண்டாம். எனக்குத் தெரியும், குறைவில்லை. உங்களில் சிலரின் படிப்புச் செலவு அந்த வீட்டு வாடகையில் போயிருக்கும்.

ஏன் அவர்கள் வீடு வேண்டினார்கள் என்பதும் எனக்கு விளங்கும். ஊரில் வீட்டைவிட்டு ஓடினவர்கள். 1990-ல் இராணுவம் எடுத்த காணியை இருபது இருபத்தைந்து வருடமாகக் கண்ணால் காணாதவர்கள். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை அதே வருடம் இரண்டு மணித்தியாலத்தில் வீட்டைவிட்டு எழுப்பியதும் எங்கட பேரில்தான் நடந்தது. வீட்டை இழக்கிறது என்றால் என்ன என்று எங்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. திரும்ப ஒருவரும் எழுப்ப ஏலாத ஒரு கூரை வேணும் என்ற பயத்தை நான் குறைவாகப் பேச மாட்டன். என்ர கேள்வி வேறை. எங்கட பயத்துக்கு மருந்தாக இன்னொரு குடும்பத்தை எழுப்பினால், நாங்கள் அந்தப் பயத்தை ஆற்றினோமா, கைமாற்றினோமா?

இடைவேளையில் ஒரு தங்கச்சி கேட்டா, “அப்ப அம்மா அப்பாவை எதிரி எண்டு சொல்லச் சொல்லுறீங்களோ அண்ணை?” இல்லை. நானே கடிதம் கொண்டுபோய்க் குடுத்தவன், நான் யாருக்கு நீதி சொல்ல? நான் கேக்கிறது, சாப்பாட்டு மேசையில அந்தக் கணக்கைத் திறந்து கதையுங்கோ எண்டுதான். ஆர் இருக்கினம், எவ்வளவு வாங்குறம், கடைசியா எப்ப கூட்டினது, பூஞ்சணம் பாத்தாச்சோ. என்ர முதலாளியோட ஒருத்தரும் அப்பிடிக் கதைக்கேல்ல. நானும் கதைக்கேல்ல. கதைச்சிருந்தால் ஒரு வருசமாவது பிந்தியிருக்கலாம், அந்தப் பிள்ளை சோதினை எழுதி முடிச்சிருக்கும்.

கடைசியாக, செய்யக்கூடிய விசயங்கள்.

முதலாவது, சட்டம் மாறுகிறது. வாடகைக் குடியிருப்பாளர் உரிமைச் சட்டம் 2025 ஒக்டோபரில் நிறைவேறியது. 21-ஆம் பிரிவு ஒழிகிற நாள் 2026 மே 1. முற்பணமாக ஒரு மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. வெளிநாட்டு மாணவரிட்ட ஆறு மாதம், ஒரு வருடம் என்று முன்கூட்டி வாங்கின பழக்கம் இதோடு நிற்க வேண்டும். ஆனால் ஓட்டையும் இருக்கிறது. மாணவர் மட்டும் இருக்கிற எச்.எம்.ஓ. வீட்டை, முன்பே எழுதி அறிவித்திருந்தால், நாலு மாத நோட்டீஸில் ஜூனுக்கும் செப்டம்பருக்கும் இடையில் திரும்ப எடுக்கத் தனி விதி வைத்திருக்கிறார்கள். வாடகையை எவ்வளவு கூட்டலாம் என்பதுக்கு உச்ச வரம்பு இல்லை. சந்தை விலைக்கு மேல் கூட்டினால்தான் நியாயசபைக்குப் போகலாம், சந்தை விலையே ஏறினால் என்ன செய்வது? 1915-ல் கிளாஸ்கோப் பெண்கள் வென்றது இதைவிடக் கூட. நாங்கள் கேட்க வேண்டியது வாடகைக் கட்டுப்பாடு.

இரண்டாவது, இந்த வருடம் சென்னையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்த மாணவர். வட்ஸ்அப் குழுவில ‘தமிழ் வீடு, அறை உண்டு’ எண்டு கண்டு, ஒப்பந்தம் இல்லாமல், கையில் காசாகக் குடுத்து இருக்கினம். அவைக்கு மூன்று விசயம் தமிழில் தெரிய வேணும். வைப்புப் பணத்தை 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த திட்டத்தில் போட வேணும். எச்.எம்.ஓ. உரிமம் இருக்கோ எண்டு கவுன்சிலின் பதிவேட்டில் பார்க்கலாம். உரிமம் இல்லாமல் வாடகைக்கு விட்டிருந்தால், கட்டின வாடகையை ஒரு வருடத்துக்கு வரை திருப்பித் தரச்சொல்லி நியாயசபையில் கேட்கலாம், புதிய சட்டம் அதை இரண்டு வருடமாக்குகிறது. இதை ஒரு பக்கத் துண்டுப்பிரசுரமாக எழுத எனக்கு மூன்று பேர் தேவை. போகும்போது பேரைத் தந்திட்டுப் போங்கோ.

மூன்றாவது, விசா. 2016-லிருந்து இங்கிலாந்தில் வீட்டுக்காரர் வாடகைக்கு வருகிறவரின் குடிவரவுப் பத்திரத்தைப் பார்க்க வேண்டும் என்று சட்டம். அதாவது எல்லைக் காவல் வேலையை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்திருக்கினம். பத்திரம் இழுபடுகிற ஆளுக்கு அறை தருகிறவர் எங்கட ஆட்களில் ஒருவராகத்தான் இருப்பார். அது உதவியாகவும் இருக்கலாம், கழுத்தைப் பிடிக்கிறதாகவும் இருக்கலாம். எனக்கு இரண்டும் நடந்தது. அதனால்தான் அந்தக் கடிதத்தைக் கொண்டுபோக மாட்டன் எண்டு எனக்குச் சொல்ல ஏலாமல் போச்சு. அந்தச் சட்டம் போகாமல் வாடகைக்கு இருக்கிற அகதி ஒருநாளும் நிமிர்ந்து கதைக்க ஏலாது. குடியிருப்பாளர் சங்கக் கூட்டத்தில் இந்தக் கோரிக்கையை நாங்கள்தான் வைக்க வேணும், வேறு ஆர் வைப்பினம்?

அந்த அக்கா இதை வாசிக்கக்கூடும். எங்கட ஆட்களுக்குள்ள மின்னஞ்சல் சுத்தி வரும். அக்கா, நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதினாறு வருசத்துக்குப் பிறகு மறுமொழி சொல்லுறன். நீங்கள் ஒரு மாசமும் பிந்தேல்ல. பிந்தினது நாங்கள்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கோ. தேத்தண்ணி பின்னுக்கு இருக்கு.